வாசற்படி இல்லாத வாசக்கால்

சைகோன்
9 ஜனவரி 1955

என் அன்பு மனைவி ரஞ்சிதத்துக்கு,

பாலகுரு ஆசையுடன் எழுதுவது. நான் நல்ல சுகம். இந்தக் கடிதம் பொங்கலுக்குள் வந்து சேர்ந்தால் இதையே என் பொங்கல் வாழ்த்தாக வைத்துக்கொள். பிந்தி வந்தால் தபால்காரரைத் திட்டு, என்னைத் திட்டாதே.

ஒரு நல்ல சேதி. எங்கள் கம்பெனி இங்குள்ள ஆபீசை மெல்ல மெல்ல மூடப்போகிறது. வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் மேலதிகாரி, அந்த ஷெஃப், நேற்று என்னைக் கூப்பிட்டு, "முசே பாலகுரு, கணக்குகளை முடித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் ஊருக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். சித்திரைக் கடைசியில் வந்துவிடுவேன், தப்பினால் வைகாசி. இந்தத் தடவை விடுமுறைக்கு வருகிற வரவு இல்லை. வந்தால் வந்ததுதான். இத்தனை வருஷம் ஓட்டல் சோற்றைத் தின்றுகொண்டு கடல் தாண்டிக் கிடந்தது போதும்.

ஆனால் அந்த வீட்டுக்குள் நான் எப்படி நுழைவது? நம் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக உள்ளே வரும்போது வாசக்காலின் மேல்கட்டையில் நெற்றியை இடித்துக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே சிரித்தது. நீயும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய், நான் பார்த்துவிட்டேன். போன தடவை வந்திருந்தபோதும் வந்த அன்றும் இடித்தேன், புறப்பட்ட அன்றும் இடித்தேன். அப்பா குள்ளம். தன் உயரத்துக்கு ஒரு வாசலை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

ஆகவே முன்சுவரை அடியோடு எடுத்துவிடு. கூடத்தை வீதிப் பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டி, காற்று வர இரண்டு பெரிய சன்னல் வைக்கலாம். நடுவில், கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரர் வீடுகளில் இருக்கிறதே, அந்த மாதிரி உயரமான இரட்டைக் கதவு. வேலையைச் சக்கரபாணி மேஸ்திரியிடம் கொடு. தம்பி ராமதாசைக் கூட வைத்துக்கொள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இந்த மேஸ்திரிகள் வாயில் "நாளைக்கு" என்ற சொல் வந்தால் நம்பாதே. தேதி கேட்டு வாங்கு. தேதி தவறினால் லேசில் விடாதே. நீ இளகின மனசுக்காரி, அதனால் சொல்கிறேன்.

மாறாத அன்புடன்,
உன் பாலகுரு


முத்தியால்பேட்டை, புதுச்சேரி
13 பிப்ரவரி 1955

அன்புள்ள மாமாவுக்கு,

ரஞ்சிதத்தின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். வீடுதான் சுகமாக இல்லை. நீங்கள் சொன்னபடி அதன் முகத்தை எடுத்தாகிவிட்டது.

உங்கள் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள், அதனால் சொல்லவில்லை. "வந்தால் வந்ததுதான்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கடிதம் மடிந்து மடிந்து கிழிய வந்துவிட்டது.

சக்கரபாணி மேஸ்திரி வந்தார். நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, "இது இன்னும் நூறு வருசம் நிக்கும்மா. இத்த போயி ஏம்மா இடிக்கறீங்க?" என்று கேட்டார். உங்கள் நெற்றிக்காக என்று சொன்னேன். மனுஷர் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார். தை முடிவதற்குள் ஆட்களை விட்டு முன்சுவர் முழுவதையும் இறக்கிவிட்டார்கள். பழைய வாசக்காலைப் பத்திரமாகக் கழற்றிக் கிணற்றடியில் சாத்தி வைத்திருக்கிறேன். நல்ல தேக்கு, எரிக்க மனசு வரவில்லை.

இப்போது வீட்டின் முன்னால் இரண்டு ஓலைத் தட்டிதான். பகலில் ஆட்கள் வந்து போவதற்காக அதையும் விலக்கி வைக்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அமிர்தவல்லி அக்கா தன் வாசலில் நின்றபடியே, "என்னா ரஞ்சிதம், இன்னிக்கி கத்திரிக்கா கொழம்பா?" என்று கேட்கிறார். வீதியில் போகிறவர்கள் எல்லாரும் நம் அடுக்களையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஒரு வாரமாகப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி அடுக்கி வைத்திருக்கிறேன். மானத்தைக் காப்பாற்றியாக வேண்டுமே.

மேஸ்திரி கேட்கச் சொன்ன சேதி ஒன்று இருக்கிறது. வாசக்காலை நிற்க வைத்த பிறகுதான் அதை ஒட்டி இரண்டு பக்கமும் சுவர் எழுப்ப முடியுமாம். வாசக்கால் வைக்கிறதென்றால் உங்களுக்குத் தெரியாததில்லை. குழியில் நவதானியமும் துளிப் பொன்னும் போட்டு, நீங்களும் நானும் பலகையில் ஜோடியாக உட்கார்ந்து பூசை செய்து, தூக்கி நிறுத்தும்போது நாம் இருவரும் கை கொடுக்க வேண்டும். "அய்யா வர தேதிய சொல்லுங்கம்மா, அத்த வெச்சி முகூர்த்தம் பாத்துடலாம்" என்கிறார்.

நீங்கள் எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். தேதி எழுதுங்கள் மாமா.

உங்கள் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் ரஞ்சிதம்


சைகோன்
4 ஏப்ரல் 1955

என் அன்பு ரஞ்சிதத்துக்கு,

இதை எழுதக் கையே வரவில்லை. கணக்கு முடியவில்லை. ஊருக்குள் ஒரு வாரமாகத் துப்பாக்கிச் சத்தம். பயப்படாதே, என் அறை இருக்கும் பக்கம் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி குமாஸ்தாக்கள் ஆபீசுக்கே வருவதில்லை. அவர்கள் கணக்கும் என் தலையில். "உங்களை விட்டால் எனக்கு யார், முசே பாலகுரு?" என்று ஷெஃப் கையைப் பிடித்துக்கொண்டார். ஆவணியில் நிச்சயம் வந்துவிடுவேன்.

அதுவரை வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம். வாசக்காலுக்கு ராமதாசும் அவன் மனைவி சுலோசனாவும் ஜோடியாக உட்காரட்டும். என் கூடப்பிறந்தவன்தானே, சம்பிரதாயத்துக்கு யார் உட்கார்ந்தால் என்ன?

இன்னொரு விஷயம், இதைக் கேட்டால் சந்தோஷப்படுவாய். வாசக்காலையே இங்கிருந்து அனுப்புகிறேன். இங்கே சீனர்கள் இருக்கும் சோலோன் பேட்டையில் ஒரு சீன ஆசாரி இருக்கிறான், மரத்தை வெண்ணெய் மாதிரி இழைக்கிறான். என் ஆபீஸ் வாசலைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நான் கையைத் தூக்கினாலும் இடிக்காது. கதவோடு சேர்த்துக் கப்பலில் வரும். முத்தியால்பேட்டையில் இப்படி ஒரு வாசல் இருக்காது, பாரேன்.

கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுது.

உன் பாலகுரு


புதுச்சேரி
26 ஏப்ரல் 1955

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். துப்பாக்கிச் சத்தம் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாமல் ஜாக்கிரதையாக இருங்கள். கணக்கு எங்கும் ஓடிப்போய்விடாது.

கோபித்துக்கொள்ளாதே என்கிறீர்கள். கோபம்தான். அதை மறைத்து வைத்து எழுத எனக்குத் தெரியாது.

ராமதாஸ் தம்பி தங்கமானவர். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அண்ணி, நான் உக்காந்தா நல்லாவா இருக்கும்? அண்ணன் வரட்டுமே" என்று அவரே பின்வாங்கிவிட்டார். சுலோசனாவும் அதையேதான் சொன்னாள். அவர்கள் சம்மதித்திருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். யார் உட்கார்ந்தால் என்ன என்று எழுதிவிட்டீர்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நீங்கள் இந்த வீட்டில் இருந்தது எவ்வளவு என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் "வந்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பலகையில் நமக்குப் பதில் இன்னொரு ஜோடி உட்கார்ந்தால், "அவரு வரமாட்டாரு" என்று நானே வீதியில் நின்று சொன்ன மாதிரி. அதை என் வாயால் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. தட்டி போட்ட வீட்டில் தனியாக இருப்பதைப் பற்றி இல்லை. அமிர்தவல்லி அக்கா மகள் துணைக்கு வந்து படுத்துக்கொள்கிறாள். நீங்கள் வராமலே போய்விடுவீர்களோ என்றுதான் பயம்.

சக்கரபாணி மேஸ்திரி, வாசக்கால் இல்லாமல் இங்கே என்ன வேலை என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு நோணாங்குப்பம் போய்விட்டார். ஆற்றங்கரையில் யாருக்கோ தளம் போடுகிறாராம். சன்னல் வைக்கும் பக்கமாவது அஸ்திவாரத்தை எடுங்கள் என்று ஆள் விட்டேன். "நாளைக்கு காலைல வந்துட்டேன்னு வெச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். நானும் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஆளைத்தான் காணோம். அவர் நாளைக்கு என்கிறார், நீங்கள் ஆவணி என்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தீர்களா?

நேற்று பின் தெரு ஆடு ஒன்று வந்து தட்டியில் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. இப்படியே போனால் ஆவணிக்குள் முழுவதையும் முடித்துவிடும். அதற்குள் வாருங்கள்.

உங்கள் ரஞ்சிதம்


புதுச்சேரி
9 ஆகஸ்ட் 1955

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் வாசக்கால் வந்து சேர்ந்தது. நீங்கள் வருவீர்கள் என்று இருந்தேன், உங்களுக்கு முன்னால் அது வந்துவிட்டது.

கடற்பாலம் புயலில் போனதிலிருந்து சரக்கெல்லாம் படகில்தானே கரைக்கு வருகிறது? ராமதாஸ் தம்பியோடு நானும் கடற்கரைக்குப் போயிருந்தேன். இவ்வளவு நீளப் பெட்டியைப் படகில் குறுக்கே போட்டுக்கொண்டு அலை தாண்டி வந்தார்கள். மீன்காரர்கள் தோள் கொடுத்து இறக்கினார்கள். சுங்கத்தில் ஒருவர், "உள்ளே என்ன?" என்று கேட்டார். "வாசல்" என்றேன். "வாசலா? வீடு பின்னாடி வருதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வீதியில் வைத்துத்தான் பிரித்தோம். தெருவே கூடிவிட்டது. மரம் என்ன அழகு! கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த மரத்துக்கு என்ன பெயர் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. "பாலகுரு பொண்டாட்டிக்கு வாசல் கப்பல்ல வந்துச்சி" என்று நாலு தெருவுக்குப் பேச்சு. எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் நம் தச்சர் பாவாடை ஆசாரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். பிறகு பெட்டிக்குள் இருந்த வைக்கோலையெல்லாம் கிளறித் தேட ஆரம்பித்தார்.

"என்ன தேடறீங்க ஆசாரி?"

"வாசப்படி எங்கம்மா? ரெண்டு கால் இருக்குது, மேல்கட்ட இருக்குது. கீழ போடற கட்டைய காணுமே. கப்பல்ல வுட்டுட்டாங்களா?"

எல்லாருமாகத் தேடினோம். ராமதாஸ் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கத்துக்கே ஓடினார். "முழு வாசலையும் குடுத்தாச்சுப்பா, இதுக்கு மேல எங்க கிட்ட என்னா இருக்குது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆசாரி இன்னொரு தடவை கால் இரண்டையும் அடிப்பக்கம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இதுல கட்டை சேக்கறதுக்கு வெட்டே இல்லம்மா. செய்யும்போதே இப்டித்தான் செஞ்சிருக்கான்."

ஆபீஸ் வாசல் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. வெளித்தரை அப்படியே உள்ளே போகும், யார் வேண்டுமானாலும் சரசரவென்று போகலாம், வரலாம். ஆனால் இது வீடில்லையா மாமா? வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க நான் எங்கே போவேன்? மழைத் தண்ணீர் எதில் முட்டி நிற்கும்? மேலே இடிக்காமல் இருக்க எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள்! நம் வீட்டுக்கு ஒரு வாசற்படி இருந்தது என்பதே உங்களுக்கு மறந்துபோய்விட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாரும் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

இப்போது ஆடி. ஆடியில் வாசக்கால் வைக்க மாட்டார்கள். ஆவணி பிறக்கப் போகிறது. எந்தக் கப்பல் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் ரஞ்சிதம்


சைகோன்
3 செப்டம்பர் 1955

என் அன்பு ரஞ்சிதத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். பிறகு என்னால் அன்று வேலை பார்க்க முடியவில்லை.

அந்தச் சீன ஆசாரிமேல் பழி போட எனக்கு மனசில்லை. அவன் கேட்டான், "கீழே ஒரு கட்டை வேண்டாமா?" என்று. அவர்கள் வீடுகளிலும் முழங்கால் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள். நான்தான் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டி, வேண்டாம் என்றேன். தடுக்காமல் இருக்கட்டுமே என்று நினைத்தேன். நம் வீட்டு வாசல் என்று யோசித்தால் எனக்கு அந்த மேல்கட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது. காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று வரவே இல்லை.

இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படி.

கம்பெனி என்னை பிரான்சில் மார்சேய்க்கு வரச் சொல்கிறது. இதே வேலை, இதைவிட நல்ல மரியாதை, இரண்டு பேருக்கும் பயணச்சீட்டு. தங்க ஒரு வீடும் பார்த்துக் கொடுப்பார்களாம். நம்மூர்க்காரர்கள் பல பேர் இங்கிருந்து அங்கே போகிறார்கள். ஷெஃப் எனக்காகச் சிபாரிசு செய்து எழுதியிருக்கிறார்.

நான் ஊருக்கு வர ஆசைப்படவில்லை என்று நினைக்காதே. வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை, ரஞ்சிதம். நம்மூர் இப்போது இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ஆபீஸ்களில் இனி இங்கிலீஷ்தான் என்கிறார்கள். எனக்கு பிரெஞ்சையும் தமிழையும் விட்டால் ஒரு மண்ணும் தெரியாது. இங்கே நான் முசே பாலகுரு. நான் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு கணக்காகும். அங்கே வந்து யாரோ ஒரு பையனிடம் வேலை கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். அப்போது நான் யார்? சித்திரையும் ஆவணியும் தள்ளிப் போனதற்குப் பாதிக் காரணம் கணக்கு, மீதிப் பாதி இதுதான். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நீ புறப்பட்டு வந்துவிடு. வீட்டை ராமதாசிடம் ஒப்படைத்துவிடு. முன்சுவரை அவன் எப்படியோ எழுப்பிக்கொள்ளட்டும். மார்சேயிலும் கடல் இருக்கிறது. நாம் சேர்ந்து இருந்தால் எந்த ஊராக இருந்தால் என்ன? வருஷக் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உன் பாலகுரு


புதுச்சேரி
4 டிசம்பர் 1955

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள். என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

ஐப்பசி மழையைப் பற்றி முதலில் சொல்கிறேன். இந்த வருஷம் கொட்டு கொட்டென்று கொட்டியது. தட்டி ஒரு காற்றுக்கே பறந்து பக்கத்து வீட்டு முருங்கைமேல் உட்கார்ந்துகொண்டது. வீதித் தண்ணீர் நேராக அடுக்களைக்கு வந்து அடுப்பை அணைத்தது. நானும் அமிர்தவல்லி அக்காவும் குண்டான் குண்டானாக மொண்டு ஊற்றினோம். அக்காதான் சொன்னார், "தண்ணிக்கித் தெரியுதாடி வீட்டுக்காரரு ஊர்ல இல்லேன்னு?" அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் எதற்காக வீட்டைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

மழை விட்டதும், விடிகிற வேளையில் சக்கரபாணி மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்றேன். பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், "நாளைக்கு..." என்று ஆரம்பித்தார். "நாளைக்கு வாணாம் மேஸ்திரி. இன்னிக்கி வாங்க. நான் இங்கியே நிக்கறேன், சேந்தே போலாம்" என்றேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். கரணையை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

பாவாடை ஆசாரியிடம் வாசற்படிக்கு மரம் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிணற்றடியில் பழைய வாசக்கால் இருந்ததே, அதன் மேல்கட்டையைக் காட்டினேன். உங்கள் நெற்றி பட்ட அதே கட்டை. "இத்த கீழ போட்டுடுங்க" என்றேன். சுவருக்குள் புதைந்திருந்த முனைகளோடு சேர்த்து நீளம் போதும் என்று ஆசாரி அதை இழைத்து, உங்கள் சைகோன் கால்கள் இரண்டிலும் புதிதாக வெட்டு எடுத்துப் பொருத்தினார். சிவப்பு மரத்துக்குக் கீழே பழைய தேக்கு. பார்க்க நன்றாகவே இருக்கிறது.

கார்த்திகையில் நல்ல நாள் பார்த்து வாசக்கால் வைத்தோம். ஜோடி இல்லாமல் பூசை எப்படிச் செய்வது என்று ஐயர் தயங்கினார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். உங்கள் வேட்டியையாவது பலகையில் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பெட்டியைத் திறந்து உங்கள் கல்யாண வேட்டியை எடுத்தேன். வாசனை கூடப் போகவில்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அப்படியே மடித்துத் திருப்பி வைத்துவிட்டேன். வேட்டியோடு குடும்பம் நடத்தியது போதும் மாமா.

பலகையின் ஓரத்தில் இல்லை, நடுவில் உட்கார்ந்தேன். ஐயர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மேஸ்திரிதான், "அம்மா உக்காந்தா வாசக்கா நிக்காதா? புடிங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். ஆட்கள் தூக்கினார்கள், நான் கை கொடுத்தேன். நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு சுவர் வளர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மேஸ்திரி ஒரு நாள் கூடத் தப்பவில்லை. சன்னல் மேலே கொஞ்சம் பூச்சு பாக்கி இருக்கிறது, அதற்கு மட்டும் நாளைக்கு வருகிறாராம். பரவாயில்லை, அவர் குணம் முழுதும் மாறிவிட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முதல் தடவையாகப் படுத்த அன்று, விடிந்த பிறகுதான் எழுந்தேன்.

மார்சேய்க்கு நான் வரவில்லை. உங்கள் மேல் கோபத்தில் சொல்லவில்லை. அங்கே கடல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடலுக்காகவா நான் இங்கே இருக்கிறேன்? என் அக்கா இதோ பக்கத்துக் கதிர்காமத்தில் இருக்கிறாள், எதிரே அமிர்தவல்லி அக்கா இருக்கிறார், இப்போது எனக்கு ஒரு கதவும் இருக்கிறது. அந்த ஊரில் யாரோ பார்த்துக் கொடுக்கிற வீட்டில் நீங்கள் ஆபீசிலிருந்து வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காத்திருப்பதற்கு அவ்வளவு தூரம் வர வேண்டுமா?

ஊருக்கு வந்தால் நான் யார் என்று கேட்டிருந்தீர்கள். அதைப் படித்தபோது உங்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. இதை முன்னாலேயே எழுதியிருந்தால் நான் இத்தனை திட்டியிருக்க மாட்டேன். பிரெஞ்சில் இன்னும் எத்தனையோ ஆபீசில் காகிதம் நடக்கிறது, ராமதாஸ் தம்பி விசாரித்துச் சொன்னார். அதெல்லாம் இல்லாவிட்டாலும், இந்தத் தெருவில் நீங்கள் வாசலில் நெற்றியை இடித்துக்கொள்கிற பாலகுரு. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது.

இனி உங்களைத் தேதி கேட்க மாட்டேன். வந்தால் கதவைத் திறப்பேன். வராவிட்டால் சாத்தியிருக்கும், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று. வந்தால் மேலே பார்த்துக்கொண்டு நுழையாதீர்கள், தலை இடிக்காது. கீழே பார்த்து வாருங்கள். வாசற்படியைக் கொஞ்சம் உயரமாகவே வைக்கச் சொன்னேன். பழக்கமில்லாதவர்கள் தடுக்கிக்கொள்கிறார்கள்.

ரஞ்சிதம்


அமிர்தவல்லி அக்கா வீடு
23 பிப்ரவரி 1956, பிற்பகல்

அன்புள்ள ரஞ்சிதம்,

நீ உன் அக்கா மகளின் வளைகாப்புக்குக் கதிர்காமம் போயிருக்கிறாயாம், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாயாம். அமிர்தவல்லி அக்கா சொன்னார். நீ வண்டியைவிட்டு இறங்கியதும் இதை உன் கையில் கொடுப்பார். நான் அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்தக் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று பார்த்தேன். சைகோன் ஆபீசில் அப்படித்தான் செய்வோம். இங்கே ஓர் ஈ நுழைய வழியில்லை. பாவாடை ஆசாரி அவ்வளவு நெருக்கமாகப் பொருத்தியிருக்கிறார். குனிந்தபோதுதான் அந்தக் கட்டையைக் கிட்டத்தில் பார்த்தேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறாய். நடுவில் ஓரிடத்தில் எண்ணெய்க் கறுப்பு இன்னும் போகவில்லை. என் தலை எண்ணெயாகத்தான் இருக்கும். அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். வீதியில் போன ஒருவர், நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

உன் கடைசிக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. ஷெஃபிடம் போய், மார்சேய்க்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டாரே, அந்த மனுஷர், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு உடனே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் முசே பாலகுரு. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். சிரி.

வருகிறேன் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். நான் எழுதின தேதி ஒன்றிலாவது வந்திருக்கிறேனா? இன்னொரு தேதி எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. வேலை ஒன்றும் கையில் இல்லை. கணக்கு எழுதத் தெரியும், இங்கிலீஷ் இனிமேல்தான் படிக்க வேண்டும். நாளைக்கே போய் நாலு இடத்தில் கேட்கப் போகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

ராமதாசிடம் இன்னொரு சாவி இருக்கிறதாம், ஆள் அனுப்பி வாங்கி வரட்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். வாசக்கால் வைத்த அன்று நான் இல்லை. அந்த வீட்டுக்குள் நானாகத் திறந்துகொண்டு போவது சரியில்லை. நீ திறந்து, வா என்றால் வருவேன். இன்றைக்கு உனக்கு மனசு வரவில்லை என்றால் ராமதாஸ் வீட்டில் படுத்துக்கொண்டு காலையில் திரும்ப வருகிறேன். பெட்டிகள் மூன்றும் அக்கா வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, அதற்காகவாவது ஒரு முடிவு சொல்.

சற்று முன் சக்கரபாணி மேஸ்திரி இந்த வழியாகப் போனார். "அய்யா வந்துட்டீங்களா!" என்று வெற்றிலை வாயோடு சிரித்தார். சன்னல் மேலே ஒரு பூச்சு பாக்கி இருக்கிறதாம். நாளைக்கு வந்து முடித்துவிடுவாராம்.

அவர் வருகிறாரோ இல்லையோ, நான் வந்துவிட்டேன்.

உன் பாலகுரு